எளிய விசுவாசம், மூன்று தொகுதிகள்

கடவுளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முதலில் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். தரைத்தளத்தில்தான் ஆலயம் இருக்கிறதே என்று யாரும் அவசரப்படக் கூடாது. ஆலயத்தில் பாடலாம், முழங்கால் போடலாம், பிரசங்கம் நீண்டால் கண்ணயரலாம். ஆனால் ஒருவர் உண்மையிலேயே விசுவாசிக்கிறாரா, அல்லது விசுவாசிப்பதாகச் சும்மா நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று தீர்மானிக்கும் இடம் மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு விசுவாசத் தெளிவு மன்றம் என்று பெயர். மன்றம் தொடங்கி நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு ஜனங்கள் தெளிவில்லாமலே விசுவாசித்து, தெளிவில்லாமலே செத்தும் போனார்கள் என்று மன்றத்தின் ஆண்டு மலர் வருத்தத்தோடு குறிப்பிடுகிறது.

அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடமாகக் குழாய் வேலை பார்த்தவரை எல்லோரும் குழாய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கட்டடத்தை வாசலிலிருந்து பார்த்தார்கள் என்றால் அவர் அதை அடியிலிருந்து பார்த்தார். எந்த மாடியில் எந்தக் குழாய் விம்முகிறது, எந்தத் தொட்டியில் மிதவை ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடைப்பு அதிகம் வருவது மூன்றாவது மாடியில்தான். அங்கே காகிதம் அதிகம்.

மன்றத்தின் கூட்ட அறைச் சுவரில், முழ உயரத்துத் தங்க எழுத்துகளில் ‘நீரே எங்களுக்கு எல்லாம்’ என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் தண்ணீரின் அருமையை இவ்வளவு மதிக்கிறார்களே என்று, அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் குழாய்க்காரருக்கு நெஞ்சு நிமிரும். நீர் வழங்கல் அலுவலகத்தில்கூட ஒரு துருப்பிடித்த தகரப் பலகைதான் மாட்டியிருக்கிறார்கள். தங்கத்தில் எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை.

மற்றபடி அவர் எந்தச் சபையிலும் இல்லை. அவர் எந்தச் சாமியையும் தொந்தரவு செய்ததில்லை, எந்தச் சாமியும் அவரைத் தொந்தரவு செய்ததில்லை. இந்த ஏற்பாடு ஐம்பத்தெட்டு வயதுவரைக்கும் சுமுகமாகவே ஓடியது. பிறகு மனைவிக்குச் சர்க்கரை முற்றியது. அது முதலில் கண்ணை எடுத்தது, அடுத்து சிறுநீரகத்துக்கு வந்தது. பெண்கள் வார்டில், ஜன்னலோரமாகப் பதினாலாம் நம்பர் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர் பக்கத்தில் உட்காரலாம். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்.

“என்னங்க, எனக்கு ஞானஸ்நானம் வேணும்.”

“இப்ப எதுக்கு அது?”

“வாளியம்மா சொன்னாங்க. களைச்சுப்போனவங்கள எல்லாம் இயேசு வாங்கன்னு கூப்பிட்டிருக்காராம். நான் களைச்சுப்போயிட்டேன்ல.”

வாளியம்மா என்பவர் அந்த வார்டில் தரை துடைப்பவர். வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் வார்டே சேர்ந்து வைத்த பெயர்.

“வேற என்ன சொன்னாங்க?”

“வேற ஒண்ணும் சொல்லல. பக்கத்துக் கட்டில்ல வாந்தி எடுத்துட்டாங்க, தொடைக்கப் போயிட்டாங்க.” அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு லேசு இருந்தது. “எனக்கு அதுவே போதும்னு தோணிச்சுங்க. தலையில தண்ணி ஊத்தி ஒரு ஜெபம் சொல்லுவாங்களாம். நீங்களே ஊத்துங்களேன்னு வாளியம்மாகிட்டதான் கேட்டேன். நான் தரை தொடைக்கிறவம்மா, அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க, முறையா நடக்கட்டும்னுட்டாங்க.”

வாளியம்மா வாழ்க்கையில் செய்த ஒரே தவறு அந்த ‘முறையா’ என்ற வார்த்தையைச் சொன்னதுதான். குழாய்க்காரருக்கோ விஷயம் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றதும் தைரியம் வந்துவிட்டது. “தண்ணிதானே. நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் காலையில், ஸ்பேனர் பையை வெளியே வைத்துவிட்டு, மன்றத்தின் செயலர் முன்னால் போய் நின்றார். செயலர் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர். ஒன்று எழுத, ஒன்று அடிக்க. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏழாம் எண் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அதில் முதல் கேள்வியே ‘நீங்கள் விசுவாசிக்கிறீர்களா?’ என்பதுதான். பரவாயில்லை, நேராகத்தான் கேட்கிறார்கள் என்று குழாய்க்காரர் நினைத்தார். கீழே ஆறு கட்டங்கள் இருந்தன. அறிவுபூர்வமாக, உணர்வுபூர்வமாக, பரம்பரையாக, நிபந்தனையோடு, ஐயத்தோடு, மேற்கண்டவற்றுள் சில. ‘ஆமாம்’ என்பதற்குக் கட்டம் இல்லை. தன் மனைவியை நினைத்துப் பார்த்துவிட்டு அவரே ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஆமாம் என்று எழுதினார்.

செயலர் அந்தக் கட்டத்தை, சாப்பாட்டில் முடி கிடந்தால் பார்ப்பது போலப் பார்த்தார். “குழாய்க்காரரே, புதுசா கட்டம் போடுற அதிகாரம் எனக்கே கிடையாது. அதுக்குத் தீர்மானம் வேணும்.”

“டாக்டர் ஒன்றரை மாசம்தான்னு சொல்றாருங்க ஐயா.”

“பாடத்திட்டம் பன்னிரண்டு வாரம். டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லிப் பாருங்க.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டல் செய்யத் தெரிந்திருந்தால் அந்த நாற்காலியில் அவரை வைத்திருக்க மாட்டார்கள். விண்ணப்பதாரர் கட்டிலோடு இருப்பதால், படிக்க வேண்டியது அவள், நேர்காணலுக்கு வர வேண்டியது அவளுடைய பிரதிநிதியான கணவர் என்று குறிப்பு எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்து மூன்று தடித்த புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். மேஜை ஒருமுறை ஆடி நின்றது.

‘எளிய விசுவாசம்: ஓர் அறிமுகம், மூன்று தொகுதிகள்.’

விசுவாசத்தைச் சாதாரண ஜனங்களுக்கு எளிமையாக்கித் தர வேண்டும் என்று மன்றம் ஒருகாலத்தில் ஓர் எளிமைக் குழுவை அமைத்தது. ஒன்பது வருட உழைப்பில் குழு பெற்றெடுத்த பிள்ளை இது. முதல் தொகுதி, எளிமை என்றால் என்ன. இரண்டாம் தொகுதி, எவையெல்லாம் எளிமை அல்ல. மூன்றாம் தொகுதி முதல் இரண்டுக்கும் விளக்கம்.

அன்றிலிருந்து நாலு மணி ஆனால் குழாய்க்காரர் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். அவளுக்குக் கண் தெரியாது. அவருக்குக் கண் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சமம் என்று சொல்லிவிடலாம்.

“இதுல அவரு கூப்பிடுறது எங்கங்க வருது?” என்று இரண்டாம் நாள் கேட்டாள்.

அவர் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். “இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல இருக்கு. அடிக்குறிப்புல.”

“என்ன போட்டிருக்கு?”

“‘ஒப்பிடுக’ன்னு போட்டிருக்கு.”

“எதோட ஒப்பிடணுமாம்?”

“மூணாம் தொகுதியோட.”

மூன்றாம் தொகுதியில் அழைப்பு நான்கு வகை என்று இருந்தது. பொது அழைப்பு, சிறப்பு அழைப்பு, உள்ளழைப்பு, அழைப்பு போலத் தோன்றுவது. நாலாவதுதான் ஜனங்களுக்கு அதிகமாக வருகிறது என்றும், அதை நம்பி ஏமாறக் கூடாது என்றும் எச்சரித்து, உதாரணத்துக்குக் கடுமையான நோயில் இருப்பவர்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டு போனவர் பாதியில் நிறுத்தினார். ஆனால் நிறுத்துவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“எனக்கு வந்தது எந்த வகைங்க?”

“உனக்கு வாளியம்மா வழியா வந்துச்சு.”

“அந்த வகை புஸ்தகத்துல இருக்கா?”

அவர் உள்ளபடியே தேடிப் பார்த்தார். இல்லை. அவள் முகத்தில் வந்திருந்த லேசு அன்றைக்கே போய்விட்டது. புத்தகத்தை ஜன்னல் வழியே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. படித்தவர்கள் எழுதியது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார். இப்படி நினைக்கிற ஜனங்கள் இருக்கிறவரை மன்றத்துக்கு ஒரு குறையும் வராது.

நான்காம் வாரம் நேர்காணல். தங்க எழுத்துக்கு நேர் கீழே நீள மேஜை. நடுவில் மன்றத் தலைவர், எழுபத்தைந்து வயதுக்காரர், பேசும் முன் கண்ணை மூடிக்கொள்பவர். அவருக்கு வலப்பக்கம் இறையியல் பேராசிரியர். இடப்பக்கம் செயலர். அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் தலையசைப்பதற்காக வந்தவர்கள்.

“உங்க மனைவி எப்படி ஜெபிப்பாங்களோ, அப்படியே ஒரு ஜெபம் சொல்லுங்க தம்பி” என்றார் தலைவர்.

குழாய்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். “ஐயா இயேசுவே. நீங்க வாங்கன்னு சொன்னீங்களாம். அவளால நடக்க முடியாது. நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

தலையசைப்பவர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். பேராசிரியர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

“ரெண்டு இடத்துல ‘நீங்க’ன்னு வருது, குறிச்சுக்குங்க. ‘நீங்க’ங்கிறது பன்மை. கடவுள் ஒருவர். அப்ப விண்ணப்பதாரர் எத்தனை பேரைக் கூப்பிடுறாங்க?”

“மரியாதைக்குச் சொன்னதுங்க” என்றார் குழாய்க்காரர்.

“மரியாதைக்குன்னா ‘நீர்’னு சொல்லணும்.”

“தண்ணிங்களா?”

“நீர்.”

“அதாங்க, தண்ணி.”

பேராசிரியர் எழுந்து நின்று சுவரைக் காட்டினார். “பதினோரு வருஷமா இந்த அறைக்கு வர்றீங்க. இதுல ‘நீரே’ன்னு யாரைச் சொல்லியிருக்கு?”

குழாய்க்காரருக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அன்று அவரிடம் கேட்டதிலேயே பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். “தண்ணியத்தாங்க. தண்ணி இல்லாம ஒண்ணும் நடக்காதுங்களே.”

தலைவர் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார். “பேராசிரியரே, இது அறியாமையா, கொள்கையா?”

“அறியாமைன்னா பதினோரு வருஷம் தாக்குப்பிடிக்காது ஐயா” என்றார் பேராசிரியர். அவர் குரல் நடுங்கியது. முப்பது வருடமாகக் கற்பித்தும் அவர் கைக்கு ஒரு புதிய கள்ளப்போதனை அகப்பட்டதில்லை. “இது கொள்கைதான்.”

நேர்காணல் முடிவதற்குள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நீர்வாதம். குழாய்க்காரர் நீர்வாதி ஆனார். கட்டிலில் படுத்திருந்த மனைவி, விசாரணை நிலுவையில் உள்ள நீர்வாதியின் இல்லத்தரசி ஆனாள். அவள் விண்ணப்பம் ஒரு நீலக் கோப்புக்குள் போய், அந்தக் கோப்பு இன்னொரு பெரிய கோப்புக்குள் போயிற்று.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் நம்புவது கஷ்டம், ஆனால் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் தேதியோடு இருக்கிறது. பேராசிரியர் காலாண்டிதழில் நீர்வாதத்தைக் கண்டித்து நாற்பது பக்கம் எழுதினார். இன்னொரு பேராசிரியர், முன்னிலைச் சொல்லும் மூலப்பொருளும் ஒரே ஒலியில் சந்திப்பதில் ஆழ்ந்த மர்மம் இருக்கிறது என்று நீர்வாதத்தை ஆதரித்து ஐம்பது பக்கம் எழுதினார். மன்றம் இரண்டாகப் பிரிந்தது. ஒற்றுமைக்காக ஒரு கருத்தரங்கு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து குழாய்க்காரரை முன்வரிசையில் உட்காரவைத்து, சட்டையில் ‘நீர்வாத மூலவர்’ என்று ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். இரண்டாம் அமர்வு நடுவே, மேடைக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டும் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று செயலர் காதோடு சொன்னார். மூலவர் எழுந்து போய் வாஷரை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

நிறைவுரை தலைவருடையது. கண்ணை மூடிக்கொண்டே பேசினார். “எளிமைங்கிறது லேசுப்பட்ட விஷயமில்ல. அதைச் சாதாரண ஆளுங்க கையில குடுத்துட முடியாது. ஒருத்தர் திடீர்னு ‘நான் நம்புறேன்’னு சொல்லிடுறாருன்னு வைங்க. மறுநாள் அவரு நம்மளத் தேடி வரமாட்டாரு. அதுக்கு மறுநாளும் வரமாட்டாரு. இப்படியே ஒவ்வொருத்தரா நேரா போக ஆரம்பிச்சா, அவங்க கதி என்ன ஆகும்? அதைவிட, நம்ம கதி என்ன ஆகும்? அதனாலதான் சொல்றேன், ஆட்டுக்குட்டிங்கள நாம கேட்டுக்கு வெளியிலேயே வச்சுப் பத்திரமாப் பாத்துக்கணும்.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முடிவுசெய்ய நீர் அளவுக் குழு என்று ஒன்றையும் அங்கேயே அமைத்தார்கள். தெளிப்பதா, ஊற்றுவதா, முழுக்குவதா என்பதில் மூன்று கட்சி. முழுக்குவது என்றால் வார்டுக்குள் தொட்டி கட்ட முடியுமா, மாடி பாரம் தாங்குமா என்று குழாய்க்காரரையே தொழில்முறைக் கருத்துக் கேட்டார்கள். “ஒரு டம்ளர் போதுங்க” என்றார் அவர். ‘மூலவர் டம்ளர்வாதத்தின் பக்கமும் சாய்கிறார்’ என்று குறிப்பில் ஏறியது.

இதற்குள் ஆறாவது வாரம் வந்துவிட்டது. வார்டில் அவள் மூச்சு வாங்க வாங்கப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பொது அழைப்பு, சிறப்பு அழைப்பு, உள்ளழைப்பு. நாலாவதைச் சொல்லமாட்டாள். அந்த இடம் வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

“நான் பாஸ் ஆகலைன்னா அவரு என்னைச் சேத்துக்க மாட்டாராங்க?”

“அப்படியெல்லாம் இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் நேர்காணல்ல தப்பாச் சொல்லிட்டு வந்துட்டீங்களே.”

சாவுக்கு அவள் பயப்படவே இல்லை. அதை அவர் பார்த்திருக்கிறார். ஊசி ஊசியாக உடம்பு முழுக்கக் குத்தியபோதும் அழாதவள். இப்போது பரீட்சைக்குப் பயந்து அழுதாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாளியம்மா தரை துடைக்க வந்தபோது, வாளிச் சத்தம் வந்த திசையில் அவள் முகத்தைத் திருப்பினாள். “வாளியம்மா, உங்களுக்கு வந்தது எந்த வகை அழைப்பு?”

“வகையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வான்னாரு, போனேன்.”

“அது போதாதாம்மா. புஸ்தகத்துல போட்டிருக்கு.”

வாளியம்மா துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஆறு மணிக்குக் குழாய்க்காரர் வெளியே வந்தபோது, வாளியம்மா நடைவழியில் வாளியோடு காத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா, நான் படிக்காதவ இல்ல, எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அதனாலதான் கேக்கறேன். நான் இத்தனை வருஷமா கும்பிட்டது சரியாத்தான் கும்பிட்டேனா?”

குழாய்க்காரரின் வீட்டுக்காரிக்கு ஒட்டிய வியாதி இப்போது இந்த அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது. கொண்டுவந்து ஒட்டவைத்தது அவரேதான், மூன்று தொகுதியாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து.

மறுநாள் காலையில் அவர் மூன்றாவது மாடிக்குப் போனபோது ஸ்பேனர் பையை வெளியே வைக்கவில்லை. அதைச் செயலரின் மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, டயாலிசிஸ் இனிமே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பஸ்சுல இருபது நிமிஷம். யாராச்சும் ஒருத்தர் வந்து தண்ணிய ஊத்தி, ‘நீ வரலாம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

செயலர் பையை விரல் நுனியால் கொஞ்சம் தள்ளிவைத்தார். அவர் முகத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

“ரெண்டு நிமிஷ வேலைதான் குழாய்க்காரரே. நான் இல்லைங்கல. நானே வந்து ஊத்தலாம். ஆனா ஊத்திட்டா முடிஞ்சுபோயிடுமே. அவ்ளோ சுலபமா முடிஞ்சுபோற விஷயம்னு வெளிய தெரிஞ்சா, இத்தனை பேர் நாப்பத்திரண்டு வருஷமா இங்க உக்காந்து என்ன பண்ணினோம்னு கேக்கமாட்டாங்களா? உங்க மனைவி ஒருத்தருக்காகப் பாத்தா, எத்தனை பேரோட மனசு புண்படும், யோசிங்க.”

குழாய்க்காரர் யோசித்தார். யோசித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

“இருந்தாலும் அவசரம்னு குறிப்புப் போட்டு அனுப்பறேன்” என்றார் செயலர். “இன்னைக்கே கூடிப் பேசி, நாளைக்குப் பதிலை ஆள்கிட்டயே குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். இதுக்குமேல மன்றத்தால இறங்கி வர முடியாது.”

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் மூன்றரை மணிக்கு, ஆஸ்பத்திரி வாசல் படியில் ஓர் ஆள் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று பக்கம், தட்டச்சு செய்தது. குழாய்க்காரர் படியிலேயே உட்கார்ந்து படித்தார். விண்ணப்பதாரரின் விசுவாசம் உண்மையானதாகத் தோன்றினாலும் தெளிவானதாகத் தோன்றவில்லை என்று முதல் பக்கம் சொன்னது. அவருக்கு வந்தது நாலாம் வகை அழைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று இரண்டாம் பக்கம் சொன்னது. தற்போதைக்கு ஏற்பதற்கில்லை, ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம், மூன்றாம் தொகுதியை அதற்குள் திருப்பித் தர வேண்டும் என்றது மூன்றாம் பக்கம். கீழே, கிறிஸ்துவின் அன்பில் என்று எழுதி மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. அவர் இரண்டாவது தடவையும் படித்தார். நாலு மணிக்கு வார்டைத் திறந்தார்கள்.

அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள். காலையில் பார்த்த டாக்டர் இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தார்.

“பேப்பர் சத்தம் கேக்குது. மன்றத்துலருந்தா?”

“ஆமா.”

“எத்தனை பக்கம்?”

“மூணு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப இல்லன்னுதான் இருக்கும். ஆமான்னு சொல்ல மூணு பக்கம் எதுக்கு?”

“படிக்கிறேன் கேளு.” அவர் தொண்டையைச் செருமினார். ஆறு வாரமாக அவளுக்குப் படித்துக் காட்டிய அதே குரலை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. சொந்தக் குரலில்தான் வந்தது. “‘நீங்க எழுதினது கெடைச்சுது. நீங்க களைச்சுப்போயிட்டீங்கன்னு தெரியும். வாங்க.’”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“ரெண்டாம் பக்கத்துல?”

அவர் சத்தம் கேட்கும்படியாகத் தாளைத் திருப்பினார். “இதுலயும் வாங்கன்னுதான் இருக்கு.”

“மூணாவதுல?”

“அதேதான்.”

“எந்த வகைன்னு போட்டிருக்கா?”

“இல்ல. வகையெல்லாம் போடல.”

“‘நீர் வாரும்’னு இருக்கா, எப்படி இருக்கு?”

“‘வாங்க’ன்னு இருக்கு. நாம பேசுற மாதிரி.”

“கையெழுத்து யாரு போட்டிருக்கா?”

குழாய்க்காரர் அந்த மூன்று கையெழுத்தையும் பார்த்தார். ஒன்றுகூடப் படிக்கிற மாதிரி இல்லை.

“அவரேதான் போட்டிருக்காரு” என்றார்.

அவள் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தார். அவள் விரலால் தடவிக்கொண்டே போய், காகிதம் மேடுதட்டியிருந்த முத்திரையைக் கண்டுபிடித்து, அங்கேயே கையை வைத்துக்கொண்டாள். பிறகு நம்புவதா வேண்டாமா என்று தெரியாதவள் போல, “வாளியம்மாவக் கூப்பிடுங்க. அவங்களையும் ஒருதடவை படிக்கச் சொல்லுங்க” என்றாள்.

குழாய்க்காரர் வேறு வழியில்லாமல் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வாளியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். நின்றபடியே, உதடு மட்டும் அசைய, முதல் பக்கம் படித்தார். இரண்டாம் பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தைக் கையெழுத்து வரைக்கும் படித்தார். குழாய்க்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாளியம்மா அவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்து, அவள் கைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

“ஆமாம்மா” என்றார். “வாங்கன்னுதான் போட்டிருக்கு.”

சொல்லிவிட்டு வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மேஜைமேலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.